குழந்தைகள் இல்லப் பணியாளர்கள் ஏன் போகிறார்கள், எப்படி நிலைப்பார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் இல்லத் தாயாகச் சேர்ந்தேன். பிறகு வேறு இரண்டு இல்லங்களில் வேலை. இப்போது தென் மாவட்டங்களில் இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்துகிறேன். நிர்வாகிகளும் பணியாளர்களும் டீ இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். மேடையில் யாரும் இவற்றைக் கேட்பதில்லை.

இல்லத் தாய் என்றால் ஹாஸ்டல் வார்டன் மாதிரிதானே?

ஹாஸ்டல் பிள்ளைக்குத் தீபாவளிக்குப் போக ஒரு வீடு இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகள் நலக் குழு ஓர் இல்லத்துக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அது இருக்காது. இருந்தாலும் அங்கே பாதுகாப்பு இருக்காது. ஆகவே வீட்டில் நடக்கிற எல்லாமே இல்லத்தில்தான் நடந்தாக வேண்டும். பேன் பார்ப்பது, காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க ஈரத்துணி போடுவது, படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையை மற்றவர்கள் எழுமுன் குளிக்க அனுப்புவது, முதல் மாதவிலக்கில் மிரண்டு நிற்கிறவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் இல்லத் தாயின் வேலை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்து கேட்டால் போய் நிற்பதும் அவர்தான். அரசு ஆணையில் அவர் பெயர் 'இல்லத் தாய்'. பிள்ளைகளுக்கு அம்மா, அக்கா, சில இடங்களில் மிஸ்.

ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். எல்லா வேலையிலும் நடப்பதுதானே? இதற்கு ஏன் இவ்வளவு கவலை?

இல்லத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே அந்தக் குழந்தை யாரையோ இழந்துவிட்டுத்தான் வருகிறது. அம்மா இறந்திருப்பார், இல்லையென்றால் இன்னொரு வாழ்க்கை தேடிப் போயிருப்பார். அப்பா சிறையில் இருப்பார். வந்த இடத்தில் ஒரு ஆளிடம் ஒட்டிக்கொள்ள அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. அந்த ஆளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், 'அக்காவுக்கு வேறு நல்ல வேலை கிடைத்தது' என்று குழந்தை நினைக்காது. 'நான் சேட்டை பண்ணினேன், அதான் போயிட்டாங்க' என்றுதான் நினைக்கும்.

இது இரண்டு மூன்று முறை நடந்துவிட்டால், புதிதாக வருகிறவரிடம் ஒட்டுவதையே அது நிறுத்திவிடும். யார் வந்தாலும் ஓடிப் போய்க் கையைப் பிடிக்கும், யார் மடியிலும் ஏறும். ஆனால் விழுந்து முட்டி பெயர்ந்தால் யாரிடமும் போய் அழாது. பார்க்க வருகிற நன்கொடையாளர்கள் 'எவ்வளவு கலகலப்பான பிள்ளை!' என்பார்கள். எனக்கு அந்தக் கலகலப்பைக் கண்டால் வயிற்றைப் பிசையும்.

1970-களில் லண்டன் குழந்தைக் காப்பகங்களை பார்பரா டிஸார்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். சாப்பாடு, பொம்மை, புத்தகம் எதற்கும் அங்கே குறைவில்லை. ஆனால் நாலரை வயதுக்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக ஐம்பது பேர் மாறி மாறிப் பராமரித்திருந்தார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாள். அந்த ஐம்பது என்ற எண்ணைப் படித்த அன்று அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சம்பளம் குறைவு, அதனால் போகிறார்கள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

சம்பளம் ஒரு காரணம்தான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டு நெறிகளில் இல்லத் தாய்க்கு மாதம் 14,564 ரூபாய், சமையலருக்கு 9,930 ரூபாய், உதவியாளருக்கு 7,944 ரூபாய். எல்லாமே தொகுப்பூதியம். அரசு நிதி வராத இல்லங்களில் இதைவிடக் குறைவாக வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பணத்தில் வீட்டு வாடகை கொடுத்து, சொந்தப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது என்பதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் வேலையை விட்டுப் போனவர்களை நான் பிறகு தேடிப்போய்ப் பார்ப்பதுண்டு. அப்போது சம்பளத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்று சொல்வார்கள். அந்த இரண்டாவது காரணத்துக்குத்தான் காது கொடுக்க வேண்டும். "பனியன் கம்பெனியில ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் ஒருவர். தூங்கி ஐந்து வருடம் ஆயிற்று என்றார் இன்னொருவர். ஒரு பிள்ளை சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டபோது, அன்று ராத்திரியே எல்லார் முன்னாலும் தன்னை நிற்கவைத்துக் கேட்டதை ஒரு அம்மா நாலு வருடம் கழித்தும் அழுதுகொண்டே சொன்னார். பிள்ளை ஓடியது அவரை உடைக்கவில்லை. 'நீ என்ன பண்ணிட்டு இருந்த?' என்று கேட்டார்களே தவிர, 'நீ சாப்பிட்டியா?' என்று ஒருவரும் கேட்காததுதான் உடைத்தது.

தூக்கம், தனிமை, பழி மூன்றும் சம்பளத்தோடு சேர்ந்துதான் ஆளை வெளியே தள்ளுகின்றன. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் பல நிர்வாகிகளுக்கு இல்லை. மற்ற மூன்றும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பணியாளர் என்று சட்டம் சொல்கிறதா?

சொல்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 2016 மாதிரி விதிகள், 100 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு 4 இல்லத் தாய் அல்லது இல்லத் தந்தை, 3 நன்னடத்தை அலுவலர் அல்லது குழந்தை நல அலுவலர், 2 ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), 2 சமையலர் என்று ஒரு பட்டியல் கொடுக்கின்றன. காகிதத்தில் 25 பிள்ளைக்கு ஒரு தாய்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்பி வைக்க மூன்றரை ஆள் வேண்டும். உடம்பு சரியில்லாத நாள், திருவிழா விடுப்பு எல்லாம் சேர்த்தால் நாலு ஆள். அப்படியானால் நாலு இல்லத் தாய்கள் என்பது, எந்த நேரத்திலும் நூறு பிள்ளைக்கு ஒரு தாய்! இதைச் சமாளிக்கத்தான் அவர்களை உள்ளேயே தங்கவைத்து, 24 மணி நேரமும் வேலையில் இருப்பதாக ஆக்கிவிடுகிறோம். பிறகு ஏன் நிற்பதில்லை என்று கேட்கிறோம்.

விதியில் உள்ள எண் அதுதான். அதற்கு மேல் ஆள் வைக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. நன்கொடையாளர்கள் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று வரும்போது, 'ஒரு இல்லத் தாயின் மூன்று வருடச் சம்பளம் தாருங்கள்' என்று கேட்டுப் பழகுங்கள். கல்வெட்டில் பெயர் வராது என்று சிலர் திரும்பிப் போவார்கள். ஒத்துக்கொண்டவர்களும் உண்டு.

பணியாளர்களுக்கு என்னென்ன பயிற்சி தேவை? எங்கே கிடைக்கும்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அறிமுகப் பயிற்சி, பழையவர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி இரண்டையும் விதிகளே கேட்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் பயிற்சிகள் நடத்துகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மனநலத் துறையைச் சார்ந்து, மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவோடு 2020-இல் தொடங்கிய 'சம்வாத்' என்ற அமைப்பு, இல்லங்களில் வேலை செய்கிறவர்களுக்கென்றே பாடங்களும் பயிற்சிகளும் உருவாக்கியிருக்கிறது.

பாடத்தின் உள்ளடக்கம் பற்றி என் கருத்து இது. பல பயிற்சிகளில் முதல் நாள் முழுக்கச் சட்டம், இரண்டாம் நாள் முழுக்கப் பதிவேடு. சட்டம் தெரிய வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுகிற பிள்ளையின் முன்னால் சட்டப்பிரிவு உதவாது. அந்த நேரத்தில் விளக்கைப் போடலாமா, தொடலாமா, பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று தெரிந்திருக்க வேண்டும். திருடுகிற பிள்ளை, பொய் சொல்கிற பிள்ளை, தன் கையையே கீறிக்கொள்கிற பிள்ளை, சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற பிள்ளை, இவர்களிடம் நடந்துகொள்ளும் முறையைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும். சோற்றை ஒளித்துவைப்பது கெட்ட பழக்கம் என்று நினைத்த ஒரு இல்லத் தாய், அது பழைய பசியின் பயம் என்று புரிந்தபிறகு, அந்தப் பையனின் தலைமாட்டில் தானே ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தார். அடுத்த மாதம் தலையணைக்கடியில் எதுவும் இல்லை. இப்படி ஒன்று தன் கையால் நடந்துவிட்டால், வேலையை விட வேண்டும் என்ற நினைப்பே கொஞ்ச நாளைக்கு வராது. எனக்கும் வந்ததில்லை.

வெளிநாடுகளில் இந்த வேலைக்குப் படிப்பு உண்டா?

டென்மார்க்கில் இதற்கு மூன்றரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் குழந்தைகள் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்கிறவர், சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் மூன்றாம் நிலைப் பட்டயம் வாங்கியாக வேண்டும் என்பது விதி. அங்கேயும் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் இருக்கிறது. இருந்தாலும், இது கற்றுத் தேர வேண்டிய தொழில் என்று அங்கே அரசே ஒத்துக்கொள்கிறது. நம் பக்கம் இன்னமும் 'பெண்பிள்ளைக்குத் தெரியாத வேலையா?' என்ற பேச்சிலேயே நிற்கிறோம்.

நல்ல பயிற்சி கொடுத்துவிட்டால் போதும்தானே?

போதாது. பயிற்சி நடத்தியே பிழைக்கிற நான் இதைச் சொல்கிறேன்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பச்சிளம் குழந்தைகளுக்கான மூன்று இல்லங்களில் ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. ஒரு இல்லத்தில் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு, அமைப்பையும் மாற்றினார்கள்: குழுக்களைச் சிறியதாக்கினார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத ஆட்களை வைத்தார்கள், வயது கூடியதும் குழந்தையை வேறு குழுவுக்குத் தூக்கிப் போடுவதை நிறுத்தினார்கள், குழந்தையோடு சும்மா இருப்பதற்கென்றே தினமும் நேரம் ஒதுக்கினார்கள். இரண்டாவது இல்லத்தில் பயிற்சி மட்டும். மூன்றாவதில் எந்த மாற்றமும் இல்லை. முதல் இல்லத்துக் குழந்தைகள் மனவளர்ச்சியில் மட்டும் இல்லாமல் உயரத்திலும் எடையிலும்கூட முன்னேறினார்கள். பயிற்சி மட்டும் கொடுத்த இடத்தில் முன்னேற்றம் அந்த அளவுக்கு இல்லை.

நம் ஊரில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்று நாள் பயிற்சியில் 'ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுங்கள்' என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். திரும்பிப் போனால் அதே நாற்பது பிள்ளைகள், அதே ஒற்றை ஆள். கற்றதைச் செய்ய முடியாத ஆற்றாமை, கற்காமலே இருந்திருந்தால் வந்திருக்காது. பயிற்சி முடிந்த மூன்றாம் மாதம் ராஜினாமா எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல பணியாளர்கள்.

பயிற்சிக்கு அனுப்பினால் இல்லத்தை யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. மூன்று நாள் வெளியூர்ப் பயிற்சியைவிட, வாரம் ஒருநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பதினொரு மணிக்கு, இல்லத்திலேயே ஒன்றரை மணி நேரம் உட்காருவது நல்லது. ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பிள்ளையின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யார் என்ன கவனித்தார்கள் என்று சொல்லட்டும். அந்தத் திட்டத்தைப் பெரும்பாலும் அலுவலக மேசையில் ஒருவர் தனியாக நிரப்பிப் பீரோவில் பூட்டிவிடுகிறார். பிள்ளையோடு படுத்து எழுகிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

செலவு செய்து பயிற்சி கொடுத்தால், சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு இடம் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். போகிற இடத்திலும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள்! இதற்குப் பயந்து சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வது, அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பூட்டிவைப்பது இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவறு. அப்படித் தங்குகிற ஆள் கோபத்தோடு தங்குவார். அந்தக் கோபம் பிள்ளை மேல்தான் இறங்கும்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதத்தில் எப்படி நடத்துவது?

போகிறவர்களில் நிறையப் பேர் முதல் சில மாதங்களிலேயே போய்விடுகிறார்கள். என் முதல் நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குச் சேர்ந்தேன், பத்து மணிக்குச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள், அன்று ராத்திரி முப்பத்திரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. யாருக்கு வலிப்பு வரும், யாரைப் பார்க்க யார் வரக்கூடாது, எதுவும் தெரியாது. விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் என் பட்டியலில் முதலாவது, முதல் இரண்டு வாரம் இரவுப் பொறுப்பைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. பழைய ஆள் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். பழையவருக்கு அந்தப் பொறுப்பைச் சொல்லியே ஒப்படையுங்கள், அது அவருக்கும் மரியாதை. காவல்துறைச் சரிபார்ப்பு முடியும்வரை புதியவர் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கக் கூடாது என்பதும் இதிலேயே நிறைவேறிவிடும். பிள்ளைகளின் பழைய கதையை முழுக்க அவரிடம் கொட்ட வேண்டாம். பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுங்கள். படுக்கப் பூட்டுப் போடக்கூடிய ஒரு அறையும் அலமாரியும் வேண்டும். தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கச் சொல்கிற இடத்தில் யார் நிற்பார்கள்?

ஒரு மாதம் முடிந்ததும் கண்காணிப்பாளர் அவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்: எந்தப் பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது? எந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லை? பிடிக்காத பிள்ளை என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதைச் சொல்ல இடம் கிடைத்தால் அந்தப் பிள்ளை தப்பிக்கும்.

மேற்பார்வைதான் ஏற்கெனவே நடக்கிறதே. பதிவேடு பார்க்கிறோம், கேமரா இருக்கிறது.

அது கண்காணிப்பு. அது தேவைதான். நான் சொல்வது வேறு: பணியாளரின் மனச்சுமையை மாதம் ஒருமுறையாவது இறக்கிவைக்க ஒரு மணி நேரம், ஒரு ஆள்.

ஒரு பெண் குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை முதலில் சொல்வது நீதிபதியிடமோ ஆற்றுப்படுத்துநரிடமோ இல்லை. ராத்திரி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது இல்லத் தாயிடம் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை முன்னால் முகம் மாறாமல் பின்னலை முடித்துவிட்டு, அதன்பிறகு அந்த அம்மா எங்கே போவார்? வீட்டில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கணவர் 'இதெல்லாம் ஒரு வேலையா, விட்டுட்டு வா' என்பார். உள்ளே வைத்துக்கொண்டே இருந்தால் ஒன்று ஆள் மரத்துப் போவார், இல்லையென்றால் போய்விடுவார். ஆற்றுப்படுத்துநர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று எந்த இல்லமும் நினைக்க வேண்டாம். ஆனால் அதே இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரிடம் சொன்னால் அது நிர்வாகத்தின் காதுக்குப் போகும் என்ற பயம் இருக்கும். பக்கத்து மாவட்டத்து இல்லத்தோடு பேசி மாற்றிக்கொள்ளலாம்: உங்கள் ஆற்றுப்படுத்துநர் எங்கள் பணியாளர்களைப் பார்க்கட்டும், எங்கள் ஆள் உங்களவர்களை. இரண்டு இல்லங்கள் இப்படிச் செய்து நான் பார்த்தேன். பஸ் டிக்கெட் செலவுதான்.

அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது, அது அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஒரு பணியாளர் பிள்ளையை அடித்துவிட்டார். நல்லவர், பத்து வருட அனுபவம். என்ன செய்வது?

மூடி மறைக்கக் கூடாது. இல்லத்தில் உடல் தண்டனை இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 82-இன்படி குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. கொடுமை என்ற அளவுக்குப் போனால் பிரிவு 75; குழந்தைப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர் அதைச் செய்தால் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். பாலியல் குற்றமாக இருந்தால் போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் அவருக்கே ஒரு வருடம் வரை சிறை. பிள்ளைகள் தாமாகக் கூப்பிட 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

நடவடிக்கை எடுத்த பிறகு, நிர்வாகம் அந்த வாரத்தின் வேலைப் பட்டியலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் எத்தனை இரவு தொடர்ந்து விழித்தார்? கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தார்? அடித்ததற்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் அடுத்து அந்த இடத்துக்கு வருகிறவரும் அதே பட்டியலில்தான் வேலை செய்யப் போகிறார்.

சமையலர், காவலாளி, டிரைவருக்கும் பயிற்சி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பல பிள்ளைகள் அலுவலகத்துக்குள் வாய் திறக்க மாட்டார்கள், அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வார்கள். எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் முதலில் சமையலம்மாவிடம்தான் பேசுவேன்.

இந்த வேலையில் மேலே போக வழி இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. இல்லத் தாயாகச் சேர்ந்தவர் இருபது வருடம் கழித்தும் இல்லத் தாய்தான். அவருக்கு மேலே நேற்று படித்து முடித்த ஒருவர் வந்து உட்கார்ந்து, கட்டளை போடுவார். சமூகப்பணி முதுகலை படித்தவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பிறகு அஞ்சல் வழியில் அதைப் படித்தேன். அந்தப் படிப்பு என் கண்ணைத் திறந்தது. ஆனால் பிள்ளையோடு இருப்பதில் தேர்ந்தவருக்கும் ஓர் ஏணி வேண்டும். ஐந்து வருடம் ஆனவருக்கு 'மூத்த இல்லத் தாய்' என்று பெயரும், சிறிதாவது கூடுதல் ஊதியமும், புதியவர்களைப் பழக்கும் பொறுப்பும் கொடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவருக்குப் பட்டப்படிப்புக் கட்டணத்தை இல்லம் கட்டலாம், தேர்வு நாட்களில் விடுப்பு தரலாம். குழந்தைகள் நலக் குழு முன் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டிவரும்போது, அந்தப் பிள்ளையை வளர்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். இதற்குச் செலவே இல்லை. அன்று கட்டிக்கொள்ள அவர் எந்தப் புடவையை எடுக்கிறார் என்று பாருங்கள்.

2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளிலேயே, பராமரிப்பவரின் ஊதியமும் வேலைச்சூழலும் அவர் மனநிறைவோடு தொடர்ந்து வேலையில் இருக்கும்படி அமைய வேண்டும் என்று இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பேசும்போது இதை எடுத்துக் காட்டுங்கள்.

எங்களிடம் பணமே இல்லை. சின்ன இல்லம். ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

வார விடுப்பு. எந்தக் காரணத்தைக் கொண்டும் ரத்தாகாத, முன்கூட்டியே தெரிந்த ஒரு முழு நாள். அன்று போனில்கூடக் கூப்பிடக் கூடாது. 'சாவி எங்கே வச்சீங்க?' என்று கேட்பதற்குக்கூட.

குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் இப்போதைய கொள்கை. இல்லங்களே குறையப்போகும்போது பணியாளரை ஏன் வளர்க்க வேண்டும்?

கொள்கை சரியானது, நானும் அதன் பக்கம்தான். இல்லம் என்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கொடுத்துப் பிள்ளையைச் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளை இல்லத்தில் இருக்கக் கூடாது. ஆனால் அப்படி வீட்டுக்குப் போகக்கூடியவர்கள் போனபிறகு இல்லத்தில் மிஞ்சுகிறவர்கள் யார்? போக்கிடமே இல்லாதவர்கள், மிக மோசமாகக் காயப்பட்டவர்கள். இனி இல்லங்களுக்கு முன்னைவிடத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவர, அது யாருடைய முகத்தைக் கண்டால் உண்மையைச் சொல்லுமோ அவரைத்தான் அனுப்ப வேண்டும்.

ஒருவர் போவது உறுதியாகிவிட்டது. பிள்ளைகளிடம் சொல்வதா, சொல்லாமல் அனுப்பிவிடுவதா?

சொல்ல வேண்டும். 'அழுவார்கள்' என்று பயந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு ஆட்டோவை வரவழைத்து அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் அவர் புடவை இல்லை. அம்மா போனதும் இப்படித்தான் போயிருப்பார், அதையே நாமும் செய்கிறோம்.

குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் சொல்லுங்கள். போகிறவரே சொல்லட்டும், காரணத்தையும் சொல்லட்டும்: கல்யாணம், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சம்பளம் போதவில்லை, எதுவானாலும். 'உங்களால் இல்லை' என்பதை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் அந்த இரண்டு வாரமும் அவரைப் படாதபாடு படுத்துவார்கள், பேச மாட்டார்கள், தட்டைத் தள்ளிவிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் சேர்ந்து சாப்பிடுங்கள். அடுத்து வருகிறவர் அன்று அங்கே இருந்தால் இன்னும் நல்லது; 'இவளுக்கு இடது பக்கம் வகிடு எடுத்தால்தான் பிடிக்கும்' என்பது போன்றவற்றைப் பிள்ளையின் முன்னாலேயே புதியவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. பிள்ளைகளைப் போய்ப் பார்க்கலாமா?

போங்கள். முதலில் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால், உங்களைப் பார்த்தால் பிள்ளைகள் மனம் கலையும் என்ற பயம்தான் காரணமாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் கலையும், பிறகு தெளியும் என்று சொல்லுங்கள். வருவேன் என்று பிள்ளையிடம் தேதி சொன்னால், அந்தத் தேதியில் போய் நிற்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் தேதி சொல்லாதீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது வாங்கிப் போங்கள், ஒருத்திக்கு மட்டும் வேண்டாம். அவர்களோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். ஊர் தூரமென்றால் கடிதம் எழுதுங்கள், கண்காணிப்பாளர் வழியாக. என்னிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்ட பெண்ணுக்கு இப்போது இருபத்தைந்து வயது. நான் எழுதிய பதினொரு கடிதங்களையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் தன் மகனுக்குக் காது குத்தும்போது கூப்பிட்டிருந்தாள்.